எந்த வேலையை மறுத்தாய்?

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும், அவர்களைவிடப் பொறுப்பாக வேலை செய்யும் தங்கைமாருக்கும்,

வாரம் தவறாமல் என் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. ஏதோ ஒரு பழைய இரும்புப் பெட்டியின் முகம். கீழே, ஒரு வணக்கம்கூட இல்லாமல், "சார், எங்க துளை போடணும்?" என்று ஒரு வரி. நான் பதில் போடுவதில்லை. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் கிழவர் கர்வத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. கர்வம் உண்டுதான். ஆனால் பதில் போடாததற்குக் காரணம் அது அல்ல.

ஒவ்வொரு மாதிரிப் பெட்டிக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே சின்னதாய் ஒரு துளை போட்டால் பெட்டி முரண்டு பண்ணாமல் திறக்கும். சற்றுத் தள்ளிப் போட்டால் பொழுது சாயும்வரை இரும்பைத் துருவிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த இடங்களைத்தான் எங்கள் காலத்தில் யாரும் யாருக்கும் எளிதில் சொல்ல மாட்டார்கள். பேராக்கில் இருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் இடம் எனக்கு மனப்பாடம். பேரப்பிள்ளைகளின் பிறந்த நாள்தான் நினைவில் நிற்பதில்லை.

எழுபதுகளில் நான் ஈப்போவில் பெட்டி விற்றுப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அண்ணன் டாக்டர், அக்கா ஆசிரியை, நான் பூட்டுக்காரன். கல்யாண வீடுகளில் என்னைப் பற்றிக் கேட்டால், "அவன் எஞ்ஜினியரிங் பக்கம்" என்று சொல்லி அம்மா பேச்சை மாற்றிவிடுவார். கம்பெனி என்னைப் பயிற்சிக்கு அனுப்பியது, கையேடுகள் தந்தது. நானும் எல்லாவற்றையும் படித்தேன். எந்தப் படிவத்தில் யார் எங்கே கையொப்பமிட வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் தோட்டத்து அலுவலகங்களில் வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன ஒரு பழைய மாதிரிப் பெட்டி இருந்தது. எங்கள் கையேடுகள் எதிலும் அது இல்லை. அதன் இடம் தெரிந்தவர் ஈப்போவிலேயே ஒருவர்தான். பழைய நகரத்தில் பூட்டுக்கடை வைத்திருந்த சீனர். நாங்கள் எல்லோரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை நடத்தியவர், அதனால் தவுக்கே தமிழ் நன்றாகப் பேசுவார், கெட்ட வார்த்தைகள் உட்பட. ஞாயிறு காலை ஒரு கோப்பிக் கடையில் எங்கள் தொழில்காரர்கள் கூடுவோம். இடத்தைக் கேட்க வருகிறவர்களும் அங்கேதான் வருவார்கள்.

தவுக்கே எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பார்.

"நீ எந்த வேலைய வேணாம்னு சொன்னே?"

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். காசு வருகிற வேலை ஒன்றை, திறக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாயா என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி என்று எங்களுக்கும் பட்டது. எதையும் திறப்பேன் என்கிறவனுக்கு இடத்தைச் சொல்லிக் கொடுத்தால் அவன் திருடனுக்கும் திறப்பான். ஆகவே வருகிறவர்கள் தயாராக வருவார்கள். தாப்பா ஊரிலிருந்து வந்த ஒருவர், கணவன் இல்லாத நேரத்தில் அலமாரியைத் திறக்கச் சொன்ன ஒரு மனைவியின் கதையைச் சொன்னார். தெருப் பெயர், கணவனின் உத்தியோகம், அந்த அம்மாள் அழுத அழுகை எல்லாம் சொன்னார். மேசையே வாய் பிளந்து கேட்டது. தவுக்கே அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார். இடத்தை மட்டும் சொல்லவில்லை. இப்படிப் பலர் நல்ல நல்ல கதைகள் சொல்லிவிட்டு வயிறு நிறையப் போனார்கள். நானும் ஒன்று சொன்னேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் இருந்தது. எனக்கு அவித்த முட்டையும் கிடைத்தது.

சரசு என்று ஒரு பெண்மணி அந்த மேசைக்கு வரத் தொடங்கியது அப்போதுதான். ஈப்போவிலேயே சிலிபின் பகுதியில் சாவி வெட்டும் கடை. கணவர் இறந்த பிறகு கடையை மூடாமல் தானே நடத்தினார். முப்பத்தைந்து வயதிருக்கும். தோட்டத்தில் பிறந்தவர், வாய் அதிகம். பெட்டி வேலை வந்தால் மற்றவர்களுக்குக் கைகாட்டி அனுப்பி அனுப்பி அலுத்துப்போய், அந்தப் பழைய மாதிரியின் இடத்தைக் கேட்டு வந்தார். தவுக்கே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சாவி வெட்டுறதுல என்ன தவுக்கே மறுக்கிறது? அரிசிக் கடைக்காரன் அரிசிய மறுப்பானா?" என்றார் சரசு.

"அப்ப மறுத்துட்டு வா."

"வாரேன்."

அவ்வளவுதான். கோப்பிக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

சில மாதங்கள் கழித்து, பீடோர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கம்பெனிக்குத் தொலைபேசி வந்தது. தோட்டம் துண்டாடி விற்கப்பட்டு, துரை போய், ஆபிசும் போய், லயத்து வீடுகளில் பாதிச் சனம் மட்டும் இருந்தது. கோயில் இருந்தது. ஆபிசின் இரும்புப் பெட்டியைத் தோட்டத்துக் கம்பெனிக்காரர்கள் போகிறபோது கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மனின் நகைகள் அதில்தான். மறுநாள் திருவிழா. பெட்டி திறக்கவில்லை, உடனே உடைக்க வேண்டும் என்றார்கள். வேனில் டிரில் மெஷினை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

மதியம் போய்ச் சேர்ந்தேன். கோயில் மண்டபத்தில் கூட்டம். பெட்டிக்கு முன்னால், ரப்பர்ப் பால் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சரசு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். இன்னொரு வாளி இருக்கு. ஒக்காருங்க."

"நீங்கள் எப்படி இங்கே?"

"காலையில என்னைத்தான் கூட்டியாந்தாங்க. கம்பெனியவிட நான் மலிவு."

"அப்போ திறக்கலையா?"

"தெறக்கலாம். தெறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். கம்பெனிக்குப் போன் போடுங்கன்னு சொன்னதே நான்தான்."

கோயில் செயலாளர் குறுக்கே வந்தார். இளைஞர், கழுத்தில் புதுத் துண்டு. "நல்லா கேளுங்க சார். காலையிலேர்ந்து இந்த அக்கா பெட்டியத் தொடவும் மாட்டேங்குது, தொடவும் விடமாட்டேங்குது. என்ன வேலை லா இது?"

விஷயம் என்னவென்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெட்டிக்கு ஒரே சாவி. அது பொருளாளர் வீரய்யாவின் அரைஞாணில் எப்போதும் தொங்கும். காலையில் கூட்டத்துக்கு முன்னால் திறக்கப் போனார், சாவி திரும்பவில்லை. எவ்வளவு முயன்றும் திரும்பவில்லை. வீரய்யாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நகையை அடகு வைத்துவிட்டார், மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியை மாற்றிவிட்டார் என்று யாரோ சொல்ல, நான் போவதற்குள் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவும் அதே தோட்டத்துக்காரர். தூணில் சாய்ந்து கைகட்டி நின்றார். வீரய்யா பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வீரய்யா சுவரோரம் உட்கார்ந்து, "எம்மேலதான் தப்பு. ஆத்தாவுக்கு எம்மேல கோவம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்றுதான் கூட்டம் அதை எடுத்துக்கொண்டது.

சரசு எழுந்து வழிவிட்டார். "தொவாரத்தப் பாருங்க சார். தொடாமப் பாருங்க."

கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். சாவித் துவாரத்துக்குள் எண்ணெயும் துருவும் இருக்கும், பார்த்திருக்கிறேன். சிலந்தி பார்த்திருக்கிறேன். இது வேறு. மஞ்சளும் சிவப்புமாக, சிமென்ட் பூசியதுபோல் இறுகியிருந்தது.

"சந்தனம்" என்றேன்.

"குங்குமமும்."

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆயுத பூசைக்கு நம் வீடுகளில் அரிவாள்மனை முதல் மோட்டார் சைக்கிள்வரை எதற்கும் பொட்டு உண்டு. வீரய்யா பக்திமான். வருடா வருடம் பெட்டியைக் குளிப்பாட்டி, முகத்தின் நடுவில், சரியாகத் துவாரத்தின் மேலேயே, கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைத்திருக்கிறார். மனிதருக்கு நெற்றி போலப் பெட்டிக்கு அதுதானே நடு. வருடா வருடம் சாவி அந்தச் சந்தனத்தை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறது. சாவி கனமாகிக்கொண்டே வந்தது அவருக்குத் தெரியும். அம்மனுக்குத் தன்மேல் வருத்தம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல், அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சந்தனம் வைத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. செயலாளர் சிரிக்கவில்லை. "சந்தனமோ சாணியோ, டிரில்லப் போட்டு ஒடைங்க சார். தலைவரு கையெழுத்துப் போட்டாச்சு."

போட்டாகியிருந்தது. தலைவர், செயலாளர், சாட்சிகள் எல்லாம் ஒழுங்காகக் கையொப்பமிட்டிருந்தார்கள். விதிப்படி நான் டிரில்லை எடுக்க வேண்டியதுதான். இதுவோ கையேடுகளில் இல்லாத அந்தப் பழைய மாதிரி, சரியான இடம் தெரியாததால் பூட்டின் மேலேயே போட வேண்டிவரும். பூட்டு தூளாகும், பெட்டி திறக்கும், வேலை முடியும்.

சரசு என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார். "டிரில்லப் போட்டா பெட்டி தெறந்துரும் சார். அந்த மனுசன் மாட்டிக்குவாரு. பூட்டு தூளாயிருச்சுன்னா, அவரு சாவி சரியான சாவியா, மாத்துன சாவியான்னு அப்பறம் யாரு சொல்றது? நகை இருந்தாலும், ராத்திரியோட ராத்திரியா மீட்டுக் கொண்டாந்து வச்சான்னுவாங்க."

"அப்போ நீங்களே கம்பியால் சுத்தம் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருந்தா, சாவிக்கடைக்காரி கம்பிய விட்டுத் தெறந்துட்டா, சாவி தெறக்கலன்னு சொல்லுவாங்க. அவரு சாவி, அவரு கை, அதுல தெறக்கணும். வேற எந்த இரும்பும் உள்ள போகக் கூடாது. உங்க பையில இருக்கிற கம்பியும் சேத்துத்தான்."

"இதற்கு நான் எதற்கு?"

"உங்க சட்டையில கம்பெனி பேரு இருக்குலா. என் சட்டையில என்ன இருக்கு?"

நான் கையேடு கையேடாகப் படித்தவன். பூட்டைக் காப்பாற்றுவது பற்றி அதில் உண்டு, பெட்டியைக் காப்பாற்றுவது பற்றி உண்டு. சாவி வைத்திருப்பவரைக் காப்பாற்றுவது பற்றி எந்த அத்தியாயமும் இல்லை. ஆனால் இவர் சொன்னதில் பிசகு ஒன்றும் தென்படவில்லை. தேடிப் பார்த்தேன், என் குணம் அது.

சரசு பூசாரியைக் கூப்பிட்டார். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் ஒரு கைப்பிடி தென்னை ஈர்க்கும் கொண்டுவரச் சொன்னார். "பூசாரி அண்ணே, நீங்கதான் சுத்தம் பண்ணணும். நானும் சாரும் தள்ளி ஒக்காந்துக்குறோம், எங்க கைய எல்லாரும் பாத்துக்கலாம். ஈர்க்குல எந்தப் பூட்டையும் தெறக்க முடியாது, அது இங்க எல்லாருக்கும் தெரியும்."

இந்தத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் நான் பார்த்த விநோதமான காட்சி அதுதான். பூட்டுக்காரர்கள் இருவர் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் விரித்துவைத்திருக்க, பூசாரி பெட்டிக்கு வெந்நீர் ஊற்றி ஈர்க்கால் துழாவினார். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று நான் வாயால் சொன்னேன்.

"பூட்டுக்கு அபிசேகமா லா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. சந்தனம் கட்டி கட்டியாக வந்தது. குங்குமம் வந்தது. காய்ந்த பூவிதழ் ஒன்று வந்தபோது பூசாரி அதைக் கீழே போட மனமில்லாமல் தட்டில் வைத்தார். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

வீரய்யாவைக் கூப்பிட்டோம். சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினார். திரும்பவில்லை.

"சொன்னேன்ல, சாவிய மாத்திட்டான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளையின் அப்பா தூணை விட்டு விலகி, மோட்டார் சைக்கிளைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். வீரய்யா அதைப் பார்த்தார். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சரசு உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "அண்ணே, ஒங்களத்தான். இப்பப் போனீங்கன்னா, அப்பறம் பெட்டி தெறந்தாலும் நீங்க பாக்கல. பாக்காத விசயத்தப் பத்தி அப்பறம் பேச முடியாது பாருங்க. நின்னு பாத்துட்டுப் போலாம்."

அவர் நின்றார். திரும்பி வரவில்லை, ஆனால் நின்றார்.

செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. டிரில் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "போதும் சார். கையெழுத்து வாங்கிட்டீங்க, வேலையப் பாருங்க. இல்லாட்டி உங்க ஆபிசுக்குப் போன் போடுவேன்."

சரசு என்னைப் பார்த்தார். முடிவு என்னுடையது. கையொப்பமிட்ட படிவம் என் சட்டைப்பையில் இருந்தது.

நான் எழுந்து நின்று, மேலாளர் குரலில் சொன்னேன்: "கம்பெனி விதி ஒன்று இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் தானாகக் கைவிட்டுவிட்டேன் என்று வாயால் சொல்லும்வரை டிரில்லை எடுக்கக் கூடாது. வீரய்யா, நீங்கள் கைவிட்டுவிட்டீர்களா?"

அப்படி ஒரு விதி எங்கள் கம்பெனியில் இல்லை. உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் இல்லை. ஆனால் விதி என்று சொன்னால் அதை விதி போலவே ஒலிக்கச் செய்ய எனக்கு வரும். செயலாளர் டிரில்லைக் கீழே வைத்தார்.

வீரய்யா என்னைப் பார்த்தார், பிறகு நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். "இல்லைங்க" என்றார். "இன்னொருக்கா வெந்நி ஊத்துங்க பூசாரி."

ஊற்றினார்கள். ஊற விட்டார்கள். பூசாரி மறுபடி துழாவினார். இந்த முறை வந்தது நிறமே இல்லாத ஒரு கல்போன்ற கட்டி, அநேகமாக அவர் வைத்த முதல் பொட்டாக இருக்கும். வீரய்யா சாவியை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். தாழ் பின்வாங்கும் அந்தக் கனத்த ஒற்றைச் சத்தம். பின்வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

கதவைத் திறந்துவிட்டு வீரய்யா ஒதுங்கிக்கொண்டார். உள்ளே கையை விடவில்லை. பூசாரிதான் மஞ்சள் துணி மூட்டையை எடுத்து எல்லோர் முன்பும் அவிழ்த்தார். தாலி, காசுமாலை, வெள்ளிக் கவசம், எல்லாம் இருந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். செயலாளர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டு, தேர் வேலை கிடக்கிறது என்று வெளியே போனார்.

மாப்பிள்ளையின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பெட்டியை ஒருமுறை பார்த்தார், வீரய்யாவை ஒருமுறை பார்த்தார்.

"இனிமே சந்தனத்தக் கதவு மேல வைங்க சம்பந்தி" என்றார். "தொவாரத்துல வேணாம்."

வீரய்யா அப்போதுதான் அழுதார்.

திரும்பும் வழியில் சரசு என் வேனில் வந்தார். "உங்களுக்குக் கதை கிடைத்துவிட்டது" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை தவுக்கேயிடம் இதைச் சொல்லுங்கள். காலையில் திறக்க மாட்டேன் என்று மறுத்தீர்களே, இதைவிட நல்ல பதிலை அந்த மேசை கேட்டதில்லை." அவர் சன்னல் வழியே செம்பனைக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத்தான் பரபரப்பு. தவுக்கே கேட்டார்.

"மறுத்தியா?"

"மறுத்தேன்."

"என்ன வேலை?"

"சொல்ல மாட்டேன்."

நான் குறுக்கிட வாய் திறந்தேன். மேசைக்கடியில் சரசுவின் செருப்பு என் காலை மிதித்தது.

"ஏன் சொல்ல மாட்டே?" என்றார் தவுக்கே.

"சொன்னா அந்தாளு யாருன்னு கேப்பீங்க. பேரு சொல்லாட்டியும் ஊரு தெரிஞ்சுரும். ஊரு தெரிஞ்சா ஆளு தெரிஞ்சுரும். அவரு மேல சந்தேகப்பட்டாங்கன்னு நாலு பேருக்குத் தெரியணுமா? அதுக்கு அந்த எடத்த நீங்களே வச்சுக்குங்க."

தவுக்கே விரலைக் கோப்பியில் நனைத்து, பளிங்கு மேசைமேல் ஒரு சதுரம் வரைந்தார். உள்ளே ஒரு கோடு, இன்னொரு கோடு. புள்ளி வைக்கும் முன் என்னைப் பார்த்தார்.

"நீ அந்தப் பக்கம் திரும்பு."

நான் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். நான் மறுபடி திரும்பியபோது மேசை துடைக்கப்பட்டிருந்தது. அன்றைக்குச் சரசுவுக்குக் கோப்பி வாங்கித் தரவில்லை, ரொட்டி வாங்கித் தரவில்லை. வயிறு நிறையப் போனவர்கள் எல்லோரும் ஏன் இடம் கிடைக்காமல் போனார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் அவித்த முட்டையையும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேனே என்று நினைப்பீர்கள். சம்பந்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீரய்யா அவர் பெயரல்ல. சரசுவும் சரசு அல்ல, கடை சிலிபினிலும் இல்லை. பீடோர்ப் பக்கம் என்றது நிசம், ஆனால் பீடோரைச் சுற்றித் தோட்டங்களுக்குக் குறைவில்லை, தேடிப் பாருங்கள். நான் அன்று வாய்க்கு வந்தபடி சொன்ன விதியை மறுவாரமே அலுவலகத்தில் தட்டச்சடித்து ஒட்டிவிட்டேன். உங்கள் பயிற்சிக் கையேட்டில் இன்றும் அது இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் கைவிட்டதாகச் சொல்லும்வரை டிரில்லை எடுக்கக் கூடாது. பரீட்சையில் அதற்கு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற வாரம் உங்களில் ஒருவர் அனுப்பிய படத்தில் இருப்பது அந்தப் பழைய தோட்டத்துப் பெட்டிதான். பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு மாதிரிக்குத் துளை போடும் இடம் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.

யாரென்று சொல்ல மாட்டேன்.